விளக்கு எரிந்ததும் முடிந்துவிடும் சோதனை

காரில் புதிதாகப் போட்ட ஃபாக் லாம்ப் எரியவில்லையா? ஃப்யூஸைப் பார். ரிலேயை மாற்றிப் பார். அப்படியும் எரியாவிட்டால் பேட்டரியிலிருந்து டைரக்ட் கொடு. ஆக்சஸரி கடைகளில் வழிவழியாக இருந்துவரும் இந்த மூன்று படிகள் இப்போது கைப்பேசிக் காணொளிகளில் ஒரு நிமிடப் பாடமாகிவிட்டன. பாடத்தோடு ஒரு வாதமும் சேர்ந்து வருகிறது: மீட்டரும் சர்க்யூட் படமும் ஏட்டுக்காரர்களுக்கு, தொழில் தெரிந்தவர் கையில் ஒரு டெஸ்டர் இருந்தால் போதும் என்று. இப்படிப் பேசுகிறவர்கள் மெக்கானிக்கின் கைத்திறனுக்காக வாதாடுவதாகவே நம்புகிறார்கள். அந்தக் கைத்திறனை நானும் மதிக்கிறேன். அதனால்தான் இந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. கோளாறைத் தேடும் வேலையை இந்த முறை பாதி வழியில் நிறுத்திவிட்டு, முடித்துவிட்டதாகக் கணக்குக் காட்டுகிறது.

முறையின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. போன ஃப்யூஸ், போன பல்பு, சரியாக உட்காராத ரிலே ஆகியவை அடிக்கடி எதிர்ப்படும் காரணங்கள்தாம். அவற்றை முதலில் பார்ப்பது நியாயம். பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்துப் பல்பைத் தொட்டால், பழுது பல்பிலா வயரிங்கிலா என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். குன்னூர் ஏற்றத்திலோ கொடைக்கானல் பாதையிலோ மூடுபனியில் மாட்டிக்கொண்டவருக்குப் பத்து நிமிடத்தில் வெளிச்சம் தருகிற மெக்கானிக்கை யாரும் குறைசொல்ல முடியாது. ரிலே வைக்கும் வழக்கம் பரவியதும் நல்லதே. 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு சேர்ந்தால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலேயின் காயிலுக்குச் சுமார் 0.15 ஆம்பியர் போதும் என்பதால், டாஷ்போர்டு சுவிட்ச் அந்தச் சுமையிலிருந்து தப்பித்தது.

ஆனால் இந்த முறை கேட்பது ஒரே ஒரு கேள்வி: எரிகிறதா? எரிந்த கணமே சோதனை முடிந்துவிடுகிறது. விளக்குக்கு எவ்வளவு வோல்டேஜ் வந்து சேர்ந்தது, வழியில் எவ்வளவு தொலைந்தது, கரண்ட் எந்த வழியாகப் பேட்டரிக்குத் திரும்பியது என்று யாரும் பார்ப்பதில்லை. பிளஸ் பக்கத்தையாவது தொட்டுப் பார்க்கிறார்கள். எர்த் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. இந்த முறை மீது எனக்கு நெடுநாளாக இருந்துவரும் ஆட்சேபம் இதுதான்.

கடையில் நடப்பதைப் பாருங்கள். விளக்கின் கப்ளரைக் கழற்றி அதன் முனையில் டெஸ்டரை வைப்பார்கள். டெஸ்டர் எரியும். மல்டிமீட்டர் வைத்தால் 12.4 என்று காட்டும். “சப்ளை நல்லா வருது, பல்புதான் போச்சு” என்று தீர்ப்பு வந்துவிடும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். அதன் வழியே ஓடுவது ஒரு மைக்ரோ ஆம்பியரைச் சற்றே தாண்டிய கரண்ட். வயரின் இழைகளில் ஒன்றைத் தவிர எல்லாமே அறுந்திருந்தாலும், பச்சை பூத்த முனையில் 100 ஓம் தடை இருந்தாலும், மீட்டர் அதே 12.4-ஐத்தான் காட்டும். தெருக்குழாயை மூடிவைத்திருக்கும்வரை, உள்ளே அடைப்பு இருந்தாலும் அழுத்தம் குறையாது. திறந்து தண்ணீர் ஓடும்போதுதான் அடைப்பு தெரியும். சில மில்லி ஆம்பியரிலேயே எரிந்துவிடும் எல்இடி டெஸ்டரும் இந்த விஷயத்தில் மீட்டருக்குச் சளைத்ததில்லை. பழைய 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைக் கோத்த டெஸ்ட் லாம்ப் இவற்றைவிட எவ்வளவோ நேர்மையானது. அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுத்துப் பார்த்த பிறகுதான் எரிகிறது. அதை ஓரங்கட்டிவிட்டு எல்இடி டெஸ்டருக்கு மாறியதில் கடைகள் இழந்தது அதிகம்.

இப்போது எர்த்துக்கு வருவோம். காரில் பொருத்தும் விளக்குகளில் தரைக்கு மிக அருகே இருப்பது ஃபாக் லாம்ப். மழைத்தண்ணீர், சேறு, முன்வண்டி வாரியடிக்கும் மண் எல்லாமே முதலில் அதன் மீதுதான். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் எர்த்தைப் பாடியில் எங்காவது தேடித்தான் கொடுக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிராக்கெட்டின் போல்ட்டைத் தளர்த்தி, வயரின் முனையை அதில் சுற்றி, திரும்ப முடுக்கிவிடுவதுதான் வழக்கம். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை எங்கோ ஓரிடத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அன்றைக்கு விளக்கு எரிகிறது. செம்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு வரும் என்பது பள்ளிக்கூட வேதியியல். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் அதை விரைவுபடுத்தும். கார் செய்பவர்கள் எர்த்துக்கென்று தனி இடங்களை ஒதுக்கி, சர்வீஸ் மேனுவலில் அவற்றுக்குத் தனிப் படமே போட்டுவைப்பது இதனால்தான்.

அந்த போல்ட்டில் 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 9 ஆம்பியர் ஓடும்போது 0.9 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். ஏறத்தாழ 8 வாட் அந்தச் சிறிய இடத்தில் வெப்பமாகும். தடை கூடினால் கரண்ட் குறையுமே தவிரக் கூடாது. ஆகவே ஃப்யூஸ் போகாது. கப்ளர் பழுப்பேறி உருகத் தொடங்கும் நாளிலும் ஃப்யூஸ் புதிதுபோலவே இருக்கும். ஃப்யூஸ் ஷார்ட்டுக்குக் காவல், கெட்ட இணைப்பை அதனால் உணரவே முடியாது. மூன்று படிகளில் முதல் படி, இந்த வேலையில் மிகச் சாதாரணமாக வரும் ஒரு கோளாறுக்கு முற்றிலும் குருடு.

வெளிச்சத்தின் கதை இன்னும் மோசம். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் ஏறத்தாழ 3.4 அடுக்குக்கு ஏற்ப மாறும். வோல்டேஜில் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் 30 சதவீதம் போய்விடும். பகலில் கடைவாசலில் நின்று பார்க்கும் கண்ணுக்கு இந்த நஷ்டம் தெரியாது. எரிகிறது, ஆகவே வேலை முடிந்தது. மலைப்பாதையில் வெளிச்சம் போதவில்லை என்று கண்டவர் திரும்பி வந்தால், பெரிய வாட் பல்பு மாட்டிக் கொடுக்கிறார்கள். 19 வாட் எச்16, 35 வாட் எச்8, 55 வாட் எச்11 மூன்றும் ஒரே குடும்பத்துப் பல்புகள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய்விடக் கூடாது என்பதற்காகவே அடிப்பாகத்தின் காதுகளை வேறுவேறாக அமைத்திருக்கிறார்கள். அந்தக் காதைச் சீவி எறிந்துவிட்டு 19 வாட் இடத்தில் 55 வாட்டைத் திணித்தால் கரண்ட் மூன்று மடங்குக்கு அருகே போகும். கெட்ட எர்த்தில் விழும் வோல்டேஜும் அதோடு ஏறும். நோயை வளர்ப்பதை மருந்து என்று விற்கிறார்கள்.

ரிலே கடகடக்கும் கோளாறு இன்னொரு சான்று. சுவிட்சைப் போட்டதும் ரிலே விடாமல் அடித்துக்கொள்ளும், விளக்கு மினுக்கும். மூன்று படி முறையின்படி ரிலே மட்டம், மாற்ற வேண்டும். மாற்றினாலும் கடகடக்கும். இதற்கு ஒரு முக்கியக் காரணம், காயிலுக்கும் விளக்குகளுக்கும் ஒரே எர்த் வயரைக் கொடுத்து, அந்த எர்த் கெட்டுப்போயிருப்பது. காயிலுக்கு வேண்டிய சொற்பக் கரண்ட்டைக் கெட்ட எர்த்தும் கடத்திவிடும் என்பதால் ரிலே இழுத்துக்கொள்ளும். உடனே விளக்குகளின் கரண்ட் அதே எர்த்தில் பாயும். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை, எரியும்போது இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆகவே முதல் பாய்ச்சல் மிகப் பெரிது. எர்த் முனையிலேயே வோல்டேஜ் ஏறிவிட, காயிலுக்கு மிஞ்சுவது போதாமல் ரிலே விட்டுவிடும். விட்டதும் எர்த் பழைய நிலைக்கு வரும், ரிலே மறுபடி இழுக்கும். இதற்கு எத்தனை ரிலே மாற்றினாலும் தீர்வில்லை. பெயின்ட்டைச் சுரண்டி, சரியான ரிங் டெர்மினல் போட்டு முடுக்கினால் தீர்ந்துவிடும்.

இந்த முறை உண்மையில் ஆபத்தாக மாறுவது ஃப்யூஸ் அடிக்கடி போகும்போதுதான். நீல நிற 15 ஆம்பியர் போனால் மஞ்சள் 20, அதுவும் போனால் பச்சை 30. விளக்கு எரிகிறது. ஃப்யூஸ் ஏன் போனது என்ற கேள்வி அத்துடன் செத்துவிடுகிறது. ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பதற்காக. பிளேடு ஃப்யூஸை அதன் அளவைவிட 10 சதவீதம் கூடுதலான கரண்ட்டில் 100 மணி நேரமாவது தாங்கும்படிதான் செய்கிறார்கள். 35 சதவீதம் கூடுதலாக ஓடினாலும் 10 நிமிடம் வரை அது தாங்கலாம். பச்சை ஃப்யூஸைப் போட்டவர், 33 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடுவதற்கு அனுமதி எழுதிக் கொடுக்கிறார். 9 ஆம்பியருக்கென்று இழுத்த மெல்லிய வயர், ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் பக்கத்தில், டேப் சுற்றிய கட்டுக்குள் அதைச் சுமக்க வேண்டும். இன்சுலேஷன் உருகி அக்கம்பக்கத்து வயர்களும் ஒட்டிக்கொண்ட பிறகு, தீ எங்கே தொடங்கியது என்று தேடுவதில் பயனில்லை. பெரிய ஃப்யூஸ் போடுவதை அனுபவ அறிவு என்று யார் சொன்னாலும், காருக்குள் உட்காரும் குடும்பத்தின் உயிரோடு விளையாடும் அறியாமை என்றே நான் சொல்வேன்.

இதற்கெல்லாம் விடையாக வயரையே வெட்டாத ரெடிமேட் கிட்டுகள் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கம்பெனி வயரிங்கை வெட்டாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த கிட்டிலும் எர்த் வயரின் முனையில் ஒரு ரிங் மட்டும் தொங்குகிறது. அதை எங்கே முடுக்குவது என்பது பொருத்துகிறவர் கையில். கிட்டின் வயரும் சோதனைக்குரியது. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.037 ஓம். நான்கு மீட்டர் நீளத்தில் 9 ஆம்பியர் ஓடினால் 1.3 வோல்ட் வயரிலேயே போய்விடும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அது அரை வோல்ட்டுக்கும் குறைவு. செம்பு முலாம் பூசிய அலுமினிய வயராக இருந்தால் நிலைமை இன்னும் கீழே. எரிகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனையில் இந்த மூன்று வயரும் தேறிவிடும்.

எல்இடிக்குக் கரண்ட் குறைவு, அதற்கு இந்தக் கவலை வேண்டாம் என்பது அடுத்த வாதம். கரண்ட் குறைவு என்பது சரி, வோல்டேஜ் இழப்பும் குறையும். ஆனால் பல எல்இடி டிரைவர்கள் உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்தால் கூடுதல் கரண்ட் இழுத்து ஈடுகட்டப் பார்க்கும், முடியாதபோது அணைந்து திரும்ப எழும். எர்த் கெட்ட எல்இடி மினுக்குவது இப்படித்தான். கடையில் அதற்கு மருந்தாக 6 ஓம் ரெசிஸ்டரைக் கோத்துவிடுகிறார்கள். என்ஜின் ஓடும்போதுள்ள 14 வோல்ட்டில் அது மட்டும் 30 வாட்டுக்கு மேல் வெப்பமாக எரிக்கும். பாடி எர்த்தே வேண்டாமென்று பேட்டரியின் மைனஸ் முனையில் நேரடியாகக் கொடுப்பவர்களும் உண்டு. சிக்னலில் தானே நின்று தானே கிளம்பும் கார்களில் அந்த முனையில் கரண்ட் சென்சார் இருக்கும். அதைத் தாண்டிக் கொடுத்த எர்த்தின் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது, பேட்டரியின் இருப்பை கார் தவறாகக் கணிக்கும்.

நேரமில்லை என்பதுதான் கடைசி வாதம். இதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. விளக்கை எரியவிட்டு, கப்ளரைக் கழற்றாமல், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸிலும் மறுமுனையைக் கப்ளரின் பின்புறம் வழியாக விளக்கின் பிளஸ் பின்னிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு பேட்டரி மைனஸிலும் விளக்கின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ஒவ்வொரு இணைப்பாக முனையை நகர்த்திக்கொண்டே போனால் எண் எங்கே குதிக்கிறதோ அங்கே கோளாறு. ஒரு ரிலேயைக் கழற்றி மாற்றுவதைவிட இதற்கு நேரம் குறைவு. தேவையான மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐடிஐயில் படித்தவர் எவருக்கும் ஓம் விதி தெரியும். தெரிந்ததைக் கடைக்குள் கொண்டுவராமல் தடுப்பது, எரிந்தால் போதும் என்று தொழிலும் வாடிக்கையாளரும் சேர்ந்து செய்துகொண்ட உடன்பாடுதான்.

அந்த உடன்பாட்டை வாடிக்கையாளரால்தான் முதலில் முறிக்க முடியும். ஃபாக் லாம்ப் பொருத்தினாலும் பழுது பார்த்தாலும், விளக்கு எரியும்போது பிளஸ் பக்கம் எவ்வளவு வோல்ட் விழுகிறது, எர்த் பக்கம் எவ்வளவு விழுகிறது என்ற இரண்டு எண்களையும், போட்ட ஃப்யூஸின் அளவையும் பில்லில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தருபவருக்குக் கூலியைக் கூட்டியே கொடுங்கள், அந்த உழைப்புக்கு அது தகும். எழுதித் தர மறுக்கும் கடையில் விளக்கு எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்ளாதீர்கள்.