சிலம்பும் பரலும்

நாட்டார் கதைகளையும் பெண்ணிலைவாதத்தையும் தழுவி நகை வடிவமைப்போர் கண்ணகியின் சிலம்பை விரும்பி எடுத்தாள்கின்றனர். ஆயின் சிலப்பதிகாரத்தில் அச்சிலம்பின் பொருள் புறவடிவில் இல்லை. உடைந்தபோது தெறித்த மாணிக்கப் பரலிலேயே உள்ளது. அரசியின் சிலம்போ முத்துப் பரலுடையது. குறிஞ்சிப்பிட்டிக் கரையிலிருந்து நோக்குவோர்க்கு அம்முத்தின் வரலாறு புதிதன்று: கொற்கைக்கும் கற்பிட்டிக்கும் பொதுவான மன்னார்க் குடாவில் மூச்சடக்கி மூழ்கியோரின் உழைப்பே அரண்மனை அணியாயிற்று. 1906இல் குடியேற்றநாட்டு அரசு முத்துச் சலாபங்களையே ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டது.

கண்ணகிக்கோ சிலம்பு, கணவனின் செல்வம் கரைந்தபின் எஞ்சிய முதல். (தாலிக்கொடியை அடகு வைத்த பெண்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.) இவ்வுழைப்பையும் உடைமை உறவையும் மறைத்து, உடையாச் சிலம்பைப் பெண்விடுதலைச் சின்னமாக விற்பது கதையை அதன் வழக்கிலிருந்து பிரிப்பதாகும். கிழக்கிலங்கையின் ‘கண்ணகி வழக்குரை’ தன் பெயரிலேயே அவ்வழக்கை வைத்திருக்கிறது.