பிகாடோரின் ஈட்டி

ஸ்பெயின் நாட்டுக் காளைப் போரில் பாராட்டெல்லாம் துணி பிடித்து ஆடும் மத்தாடோருக்கே போய்விடுகிறது. குதிரைமேல் ஈட்டியோடு நுழையும் பிகாடோருக்குக் கிடைப்பது பல நாளும் சீழ்க்கையொலிதான். 18ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. அன்றைய விளம்பரத் தாள்களில் மத்தாடோருக்கு முன்னால் பிகாடோரின் பெயரே இடம்பெற்றது. ஓவியர் கோயா 1816இல் வெளியிட்ட காளைப்போர் அச்சோவியங்களில் ஒன்று பெர்னாந்தோ தெல் தோரோ என்ற ஈட்டிக்காரருடையது. அந்தப் பழைய மதிப்பின் அடையாளமாக, மத்தாடோரைப் போலவே சட்டையில் தங்கச் சரிகை அணியும் உரிமை இன்றும் பிகாடோருக்கு உண்டு.

தலையில் காஸ்தொரேன்யோ எனும் அகன்ற வட்டத் தொப்பி. காளை மோதும் பக்கமான வலது காலில் இரும்புக் கவசம். குதிரையின் வலது கண்ணைத் துணியால் மறைத்திருப்பார்கள். கையிலுள்ள நீண்ட கம்பு வாரா. அதன் நுனியிலுள்ள மூன்று பட்டை எஃகு முனை புயா. 1996ஆம் ஆண்டின் ஸ்பானிய விதிகளில் அதன் நீளம் 29 மில்லிமீட்டர். முனைக்குப் பின்னால் கயிறு சுற்றிய தடுப்பும் குறுக்குக் கம்பியும் இருக்கும். அதற்குமேல் ஈட்டி இறங்கக் கூடாது.

குத்தவேண்டிய இடம் மொர்ரியோ, அதாவது காளையின் பிடரியில் திரண்டு நிற்கும் தசைமேடு. அங்கே சரியாக விழுந்தால் காளை தலையைத் தாழ்த்தும். அதன் துணிவும் வெளிப்படும். பின்னுக்குத் தள்ளி முதுகில் விழுந்தால் காளை கெட்டுப்போகும். குத்திய ஈட்டியைத் திருகுவது குற்றம். குதிரையை வளைத்து ஓட்டிக் காளை விலகும் வழியை அடைப்பதற்குக் கரியோகா என்று பெயர். ரசிகர்கள் மன்னிக்காத குற்றம் அது. களத்து மணலில் இரண்டு வட்டக் கோடுகள் போட்டிருப்பது குதிரைக்கும் காளைக்கும் இடையே தூரம் இருப்பதற்காகவே: குதிரை ஒன்றைத் தாண்டக் கூடாது, காளையை மற்றதற்கு அப்பால் நிறுத்த வேண்டும். இடையிலுள்ள தூரத்தைக் காளை தானே விரும்பிக் கடந்து வர வேண்டும்.

1928இல்தான் குதிரைக்குப் பெத்தோ என்ற மெத்தைக் கவசம் கட்டாயமானது. அதற்கு முன் குடல் சரிந்து மணலில் விழுந்த குதிரைகள் எத்தனையோ. அந்தக் கொடுமை ஒழிந்தது பெரிய நன்மை. அதை மீண்டும் விரும்புபவர் எவரும் இருக்கக் கூடாது. ஆனால் கலைக்கு ஓர் இழப்பும் நேர்ந்தது. கவசமில்லாத நாளில் தோள்வலியாலும் குதிரையைத் திருப்பும் திறமையாலும்தான் காளையை விலக்கியாக வேண்டும். இன்றோ 500 முதல் 650 கிலோ வரை எடையுள்ள குதிரை சுவர்போல் நிற்கிறது. சாய்ந்து அழுத்தினாலே போதும் என்ற சோம்பல் பலருக்கு வந்துவிட்டது.

போர்ச்சுகல் மரபில் பிகாடோரே இல்லை. அங்கே குதிரைவீரரே நாயகர். கொம்பு மூடிய காளையிடம் சிக்காமல் குதிரையை ஆடவிட்டுச் சிறு ஈட்டிகளைச் செருகுவார். காளையைப் பொதுவாகக் களத்தில் கொல்வதில்லை.

பிகாடோரின் பழைய தரத்தை இன்றும் பார்க்க வேண்டுமானால் ஸ்பெயினின் சாலமான்கா, அந்தலூசியாப் பண்ணைகளுக்குப் போக வேண்டும். தியெந்தா எனும் சோதனையில் இளம் பசுக்களைப் பிகாடோர் சிறு முனையால் குத்துவார். எத்தனை முறை திரும்பி வந்தது, எவ்வளவு தூரத்திலிருந்து பாய்ந்தது என்று பண்ணையார் குறித்துக்கொள்வார். இனப்பெருக்கத்துக்கு எந்தப் பசுவை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பது அந்தக் குறிப்பைப் பொறுத்தது. தென் பிரான்சின் சேரே, விக்-ஃபெசென்சாக் ஊர்களின் ரசிகர்களும் காளைப் போரில் ஈட்டிக் கட்டத்தையே உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். காளையைத் தொலைவில் நிறுத்தி, குதிரையை அசைத்து அழைத்து, மொர்ரியோவில் குத்தி, உரிய நேரத்தில் ஈட்டியை எடுத்துவிடும் பிகாடோருக்கு அங்கே மத்தாடோருக்கு நிகரான கைதட்டல் கிடைக்கும்.