கறுப்புத் தட்டு

ஆய்வுகூடத் தட்டுகளில் எனக்குப் பிடித்தது கறுப்புத்தான். இரத்த ஏகார் சிவப்பு; நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா என்ற பற்றீரியாவுக்கோ கரி. அந்தக் கரி உணவல்ல, ஊடகத்தில் உண்டாகும் நச்சை உறிஞ்சுவதற்கு. கூடவே ஈஸ்ட் சாறு, இரும்பு, சிஸ்டீன், பீ.எச். 6.9. அவ்வளவு பிகு!

1976இல் பிலடெல்பியா ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களைத் தாக்கிய இந்தப் பற்றீரியா வழக்கமான தட்டுகளில் வளரவில்லை. அடுத்த ஜனவரியில் அதைப் பிடிக்கக் கினிப்பன்றியும் கோழிமுட்டையும் தேவைப்பட்டன.

கறுப்புத் தட்டிலும் மூன்று நாளாவது பொறுக்க வேண்டும். பிறகு உருப்பெருக்கியின் கீழ்ச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால், கொலனிகள் நொறுங்கிய கண்ணாடி போல மினுங்கும். ஓரத்தில் நீலமும் ஊதாவும். அதை எடுத்துச் சிஸ்டீன் இல்லாத தட்டில் தடவுவார்கள். அங்கே வளராவிட்டால்தான் சந்தேகம் வலுக்கும். வளராமையே சாட்சி, எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் உச்சியில் வெயில் காயும் தண்ணீர்த் தாங்கிகள் இந்தக் கிருமிக்கு இதமானவை. ஒருவர் நோயுற்றால் அவரது சிறுநீரில் கிருமியின் தடயத்தைத் தேடும் பரிசோதனை விரைவானதுதான், ஆனால் பெரும்பாலும் ஒரு வகையையே காட்டும். நோயாளியின் சளியில் இருப்பதும் தாங்கியில் இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிட, வளர்த்தெடுத்த கிருமியை நம்புவதே நல்லது.