கட்டைவிரல் கணக்கு

'ரூல் ஆஃப் தம்ப்' என்ற ஆங்கிலத் தொடரைக் குத்துமதிப்பான கணக்கு, அனுபவத்தில் தேறிய விதி என்ற பொருளில் நம் அலுவலகங்களிலும் தாராளமாகப் புழங்குகிறோம். கட்டைவிரலைவிடப் பருமனில்லாத கோலால் மனைவியை அடிக்கலாம் என்று பழைய இங்கிலாந்துச் சட்டம் அனுமதித்தது, அதிலிருந்து வந்ததே இத்தொடர் என்றொரு விளக்கம் உண்டு. பெண்ணியவாதிகள் பலர் அதை எழுதியிருக்கிறார்கள். அடிபடும் மனைவியர் பற்றி அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் 1982இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே இத்தொடர் இருக்கிறது.

அந்த விளக்கம் தவறு. 1685இல் அச்சான, ஸ்காட்லாந்துப் போதகர் ஜேம்ஸ் டர்ஹாமின் பிரசங்கங்களிலேயே இத்தொடர் வந்துவிட்டது. அங்கே மனைவியும் இல்லை, அடியும் இல்லை. அளவுகோலை விட்டுவிட்டுக் கைமதிப்பில் வீடு கட்டும் மூடர்கள்தான் இருக்கிறார்கள். (பிரெஞ்சில் இன்றும் கட்டைவிரலுக்கும் அங்குலத்துக்கும் ஒரே சொல்.) கோல் கதை ஏறக்குறைய நூறாண்டு பிந்தியது. நீதிபதி பிரான்சிஸ் புல்லர் அப்படிச் சொன்னதாக 1782இல் பேச்சு பரவ, ஜேம்ஸ் கில்ரே அவரைக் கோல் விற்பவராகக் கேலிச்சித்திரம் வரைந்தார். அப்படியொரு தீர்ப்பு பதிவில் இல்லை.

1994இல் கிறிஸ்டினா ஹாஃப் சாமர்ஸ் இந்தச் சொற்பிறப்பைக் கட்டுக்கதை என்று எழுதினார். சொற்பிறப்பைப் பொறுத்தவரை சரிதான். அதைப் பிடித்துக்கொண்டு, மனைவியை அடிக்கும் உரிமையே பெண்ணியவாதிகளின் கற்பனை என்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

வட கரோலினா உச்ச நீதிமன்றத்தின் 1868ஆம் ஆண்டுத் தீர்ப்பை அவர்கள் படிக்கட்டும். ரோட்ஸ் என்பவர் தன் மனைவி எலிசபெத்தைக் கோலால் மூன்று அடி அடித்தார். கட்டைவிரலை மீறாத கோலால் அடிக்கக் கணவனுக்கு உரிமை உண்டென்று விசாரணை நீதிபதி அவரை விடுவித்தார். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டைவிரல் கணக்கை ஏற்கவில்லை. பார்க்க வேண்டியது கோலின் பருமனை அல்ல, அடியின் விளைவை என்றது. அடிபட்டவர் மனைவியாக இல்லாவிட்டால் சந்தேகமில்லாமல் குற்றம்தான் என்றும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் விடுதலை நிலைத்தது. அற்பக் காரணங்களுக்காகக் குடும்ப ஆட்சிக்குள் சட்டம் தலையிடாதாம்.

கட்டைவிரலாவது ஓர் அளவு. குடும்ப விவகாரம் என்று சொல்லிவிட்டால் அந்த அளவும் வேண்டாம். 1874இல் அதே நீதிமன்றம் கணவனுக்கு அடிக்கும் உரிமை கிடையாது என்று சொன்னது. சொன்ன கையோடு, நிரந்தரக் காயமோ கொடூரமோ இல்லையென்றால் திரையை இழுத்து மூடிவிட்டு, மறப்பதையும் மன்னிப்பதையும் தம்பதியரிடமே விட்டுவிடுவது நல்லது என்றும் சேர்த்துக்கொண்டது. கட்டுக்கதையை விட்டுவிட்டு நாம் எடுத்துக்காட்ட வேண்டியது இந்தத் திரையைத்தான்.

எலிசபெத் ஏதோ பேசினார் என்பதைத் தவிர அவரை அடிக்க வேறு காரணம் இருக்கவில்லை. கோல் ஒரு விரலளவு, கட்டைவிரலைவிடச் சிறியது, அடிகள் மூன்று என்றெல்லாம் பதிவாகியிருக்கிறது. அவர் என்ன பேசினார் என்பது மட்டும் சாட்சிக்கு நினைவில்லை.