மரபும் நவீன ஓவியமும்: திருகோணமலையிலிருந்து ஒரு நோக்கு

1943இல் கொழும்பில் தோன்றிய '43 குழு' இலங்கையின் நவீன ஓவியத்திற்கு வழி திறந்தது. அக்குழுவினருள் ஒருவரான ஜோர்ஜ் கீற், கியூபிசத்தை இந்தியக் கோயிற் சிற்ப மரபோடு இணைத்தார். இச்சாதனையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், மரபு வடிவங்களின் களஞ்சியம் மட்டுந்தானா?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கோணேசர் கோயிலை 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்தனர். அதன் கற்கள் கோட்டைச் சுவராயின. 1950இல் நிலத்தினின்று வெளிப்பட்ட வெண்கலத் திருமேனிகளோ, நூதனசாலைப் பொருளாகாது வழிபாட்டிற்கு மீண்டன. இங்கு மரபென்பது மக்கள் இழந்தும் மீட்டும் வாழும் வரலாறாகும்.

கீற்றின் கிருஷ்ணன்-ராதை ஓவியங்களில் அச்சிற்ப வடிவம் காதலின் எழிலாக மலர்கின்றது; அதனைப் பேணிய மக்களின் வரலாறு அங்கு இடம்பெறவில்லை. வடிவம் எங்கிருந்து பெறப்பட்டது என்பதோடு, யாருடைய அனுபவம் பேசுகின்றது என்பதையும் நோக்கியே ஒரு கலையின் அடையாளத்தை நாம் மதிப்பிடல் வேண்டும்.