அழகர் வருகையும் அங்கயற்கண்ணி திருமணமும்

மதுரையம்பதியில் அங்கயற்கண்ணம்மைக்கு ஆண்டுதோறும் நிகழும் சித்திரைப் பெருவிழாவில் 8-ஆம் நாள் முடிசூட்டும், 9-ஆம் நாள் திக்குவிசயமும், 10-ஆம் நாள் திருமணமும், மறுநாள் தேரும் நிகழ்வன. இவற்றையடுத்து அழகர்மலையினின்று எழுந்தருளும் கள்ளழகர் வையையில் இறங்குகின்றார். இவ்விரு விழாவினையும் இயைத்து, தங்கையின் மணங்காண வந்த அழகர் அது முடிந்தமை கேட்டுச் சினந்து, ஊர்புகாது வண்டியூர்க்கு ஏகினார் என்றொரு கதை வழங்குகின்றது. தலவரலாறு கூறுவார் சிலர் இதனைப் புராணச் செய்தியாகவே கொள்வர். அது பொருந்துமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்துத் திருமணப் படலத்தில் திருமால் மணத்திற்குப் பிந்தியவரல்லர். பிராட்டியின் திருக்கையை இறைவன் கையிற் சேர்த்துத் தாரை வார்த்தவரே அவர். கம்பத்தடி மண்டபத்துச் சிற்பமும் அங்ஙனமே காட்டும். விழாவின்கண்ணும் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் எழுந்தருளி அத்தொண்டினை இயற்றுகின்றார். நூலும் கல்லும் வழக்கும் ஒருங்கே மறுக்குங் கதையைப் புராணமென்றல் யாங்ஙனம்?

அழகர் வருகைக்குக் காரணம் வேறு. துருவாச முனிவர் சாபத்தால் தவளையுருவுற்ற மண்டூக முனிவர்க்குச் சாபவிடை அருளுதலே அது. இன்றும் அது தேனூர் மண்டபத்தில் நிகழ்கின்றது. மாசியில் நிகழ்ந்த மணவிழாவைச் சித்திரைக்கு மாற்றி, இரண்டினையும் அணுகச் செய்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்ப. சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில் உலாவருதல் அதற்குக் கரியாகும். எனவே, விழாக்கள் அணுகியபின் எழுந்ததே இக்கதை என்பது பெறப்படும்.

"கதையால் வருந் தீங்கென்னை? இரு சமயத்தாரையும் உறவாகப் பிணித்ததன்றோ?" எனின், அப்பயன் உண்டென்பது மெய்யே, சைவரும் வைணவரும் கூடி வையைக்கரையில் நிற்றல் போற்றற்குரியது. ஆயினும் அவ்வுறவிற்குச் சினமும் பிணக்கும் வேண்டா. தாரை வார்த்த செயலொன்றே அமையும். மேலும், தீயும் வெம்மையும்போலப் பிரிவறியாத சிவசத்திகட்குப் புதிதாக ஒரு கூட்டமில்லை. இறைவன் போகியாய் நிற்றல் உயிர்கட்குப் போகம் அளித்தற்பொருட்டே எனச் சிவஞான சித்தியார் தெளிவிக்கும். உயிரனைத்தும் உய்யக் காட்டிய அம்மணத்தைக் குடும்பப் பூசலுக்கு வாயிலாக்கின், விழாவின் கருத்தே மறையும்.

ஆதலின், கதையை நாட்டார் அன்பின் விளைவென நாட்டார்க்கே விடுத்து, தலவரலாறு எழுதுவோர் நூல்வழி நிற்றலே முறையாம்.