முகம் அறியாப் பொருள்: ஹிப்ஹாப் இசையும் பெருநிறுவன முதலீடும்

முன்னுரை

ஹிப்ஹாப் இசை குறித்த திறனாய்வுகளில் ஒரு கதை மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், வறுமைக்கு நடுவே தூய கலையாகப் பிறந்த இவ்விசையைப் பின்னாளில் வந்த பணம் கெடுத்துவிட்டது என்பதே அக்கதை. வரலாறு இதற்கு முழுமையாகத் துணைநிற்கவில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளை இயக்கி நடத்திய நிகழ்ச்சியே இவ்விசையின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு நுழைவுக் கட்டணம் இருந்தது: பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் திரட்டும் பொருட்டு ஹெர்க்கின் தங்கை சிண்டி ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது. பிறந்த நாளிலேயே இவ்விசையின் கையில் காசு இருந்தது.

எனவே பணம் வந்ததா என்பது இங்கு வினா அன்று. அது எவ்வழியாக வந்தது, இசையின் வடிவில் எதை மாற்றியது, யாரை உடைமையாளர் ஆக்கியது என்பனவே வினாக்கள். இக்கட்டுரை அமெரிக்க ஹிப்ஹாப் வரலாற்றின் சில திருப்பங்களைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது.

அளவுகோல்

கலைஞனுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றித் தமிழ் மரபு நெடுங்காலமாகச் சிந்தித்துள்ளது. புறநானூற்றின் 208ஆம் பாடலில், தன்னை நேரில் காணாமல் அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுக்கிறார். அவர் பொருளை வெறுத்தவர் அல்லர். பரிசில் நாடி மலைகள் பல கடந்து வந்தவர். தன் தகுதியை அறிந்து தரப்படுவது தினையளவு சிறிதாயினும் இனிது என்பது அவர் நிலை. பரிசிலின் அளவைவிடப் பாடியவனை அறிந்து தருவதே அவருக்கு முதன்மையானது. பிராங்க்ஸ் நிகழ்ச்சியில் 50 சென்ட் கொடுத்தவர், இசைத்தவரை நேரில் கண்டு கொடுத்தார். பெருநிறுவனப் பொருளோ பெரும்பாலும் இசைத்தவரின் முகம் அறியாதது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் அளவுகோல்.

கூடத்திலிருந்து இசைத்தட்டுக்கு

முதல் ஆறு ஆண்டுகள் ஹிப்ஹாப் பெரிதும் நேரடி நிகழ்கலையாகவே இருந்தது. ஒரு பாடலில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டு நீட்டிய டிஜேவே அதன் தலைவர். ஒலிவாங்கியில் பேசிய எம்.சி. அவருக்குத் துணையாக நின்றவர். 1979இல் சுகர்ஹில் நிறுவனம் வெளியிட்ட ‘ராப்பர்ஸ் டிலைட்’ இந்த ஒழுங்கை மாற்றியது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக் கலைஞர்கள் ‘சிக்’ குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாடலின் இசையை மீண்டும் வாசித்தனர். டிஜேவுக்கு அங்கே இடமில்லை. பாடிய மூவரும் பிராங்க்ஸ் மேடைகளில் பெயர் பெற்றவர்கள் அல்லர். நியூ ஜெர்சியில் நிறுவனத்தால் ஒன்றுசேர்க்கப்பட்டவர்கள். அவர்களுள் ஒருவர் பாடிய வரிகள், பிராங்க்ஸ் கலைஞர் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை.

முதல் பெரும் வணிக வெற்றியிலேயே இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்துவிட்டதைக் காண்கிறோம். பல மணி நேர நிகழ்வு விற்கத்தக்க ஒரு பொருளாகச் சுருங்கியது. படைத்தவரும் பயன்பெற்றவரும் வேறு வேறானார்கள். ஆயினும் அந்த இசைத்தட்டே ஹிப்ஹாப்பை உலகறியச் செய்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

தீர்ப்பும் விலையும்

வடிவத்தை இன்னும் ஆழமாக மாற்றியது சட்டம். ‘பப்ளிக் எனிமி’ (1988), ‘டி லா சோல்’ (1989) ஆகிய குழுக்களின் இசைத்தொகுப்புகள், பழைய பதிவுகளிலிருந்து எடுத்த எண்ணற்ற ஒலித்துணுக்குகளை அடுக்கிக் கட்டியவை. சாம்பிளிங் எனப்படும் இம்முறை, வாத்தியம் வாங்க வசதியற்றோர் கண்டெடுத்த இலக்கணம். 1991இல், கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாடலிலிருந்து இசைவின்றித் துணுக்கெடுத்த பிஸ் மார்க்கிக்கு எதிரான வழக்கில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. களவு செய்யாதிருக்கும்படி கூறும் விவிலியக் கட்டளையுடன் அத்தீர்ப்பு தொடங்கியது.

அதன்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் முன்னிசைவும் கட்டணமும் தேவையாயின. பல துணுக்குகளை அடுக்கும் முறை கட்டுப்படியாகாததாயிற்று. பெரும்பொருள் உடையவர் ஒரே ஒரு புகழ்பெற்ற பாடலை விலைகொடுத்து எடுத்தாளும் முறை மேலோங்கியது. மூல இசைஞருக்கு உரிய பங்கு சேரவேண்டும் என்பது நியாயமே. ஆனால், பதிப்புரிமை பெரும்பாலும் நிறுவனங்களின் கையில் இருந்தமையால், கட்டணம் முழுவதும் இசைஞரைச் சென்றடைந்தது என்று கொள்ள இயலாது.

‘டி லா சோல்’ குழுவின் தொடக்ககால இசைத்தொகுப்புகள் இணைய இசைத் தளங்களில் 2023 மார்ச் வரை கிடைக்கவில்லை. துணுக்குகளுக்கான பழைய ஒப்பந்தங்கள் எண்ணிமப் பரவலை முன்னுணர்ந்து எழுதப்படாததும், பதிவு நிறுவனத்துடனான முரண்பாடும் இதற்குக் காரணங்கள். அக்குழுவின் மூவருள் ஒருவரான டேவிட் ஜோலிகர், அத்தொகுப்புகள் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, பிப்ரவரியில் காலமானார். ஒரு தலைமுறைக் கேட்போர் எளிதில் அணுக முடியாதவாறு ஒரு செவ்வியல் படைப்பு ஒப்பந்தத்தாள்களுக்குள் சிறைப்பட்டிருந்தது.

வானொலியும் விளம்பரமும்

1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடெங்கும் இத்தனை வானொலி நிலையங்களையே வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. ஏறத்தாழ 40 நிலையங்களைக் கொண்டிருந்த கிளியர் சேனல் நிறுவனம், சில ஆண்டுகளில் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களை உடைமையாக்கிக்கொண்டது. ஊரறிந்த ஒலிபரப்பாளர் தம் ஊர்க் கலைஞரைக் கேட்டுத் தெரிவுசெய்த இடத்தில், தொலைவிலுள்ள அலுவலகம் வகுத்த பாடல்பட்டியல் வந்தமர்ந்தது. பட்டியல் வகுத்தவர்க்கு ஊரின் முகம் தெரியாது.

விளம்பரத்தின் வழி வேறு. ‘ரன் டிஎம்சி’ குழுவின் ‘மை அடிடாஸ்’ (1986), அக்காலணி அணிந்த கறுப்பின இளைஞரைக் குற்றவாளியாகப் பார்த்த பார்வைக்கு மறுமொழியாக எழுந்த பாடல். அதே ஆண்டு நியூயார்க் அரங்கொன்றில் மக்கள் காலணிகளை உயர்த்திக் காட்டியதை நிறுவன அலுவலர் ஒருவர் நேரில் கண்டார்; விளம்பர ஒப்பந்தம் பிறந்தது. பாடலின் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் தன்மானத்தின் குரல் விற்பனையின் குரலாகவும் ஒலிக்கத் தொடங்கியது.

உடைமை தரும் விடையும் அதன் எல்லையும்

இதற்குக் கலைஞர்கள் கண்ட விடை உடைமை. நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மாஸ்டர் பி 1990களின் நடுவில், விநியோகத்தை மட்டும் பெருநிறுவனத்திடம் ஒப்படைத்து, மூலப்பதிவு உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். வணிகமும் அடிமைத்தனமும் ஒன்றல்ல என்பதை அவர் நிறுவினார். எனினும் அவரது நிறுவனம் வெளியிட்டவையும் சந்தைக்கேற்ற விரைவான ஆக்கங்களே. உடைமை கலைஞனுக்கு நீதி வழங்கலாம். கலைக்குத் தரம் வழங்கும் என்பதற்கு உறுதியில்லை. இவ்விரண்டையும் திறனாய்வு குழப்பிக்கொள்ளலாகாது.

தமிழ்ச் சூழலுக்கு ஒரு குறிப்பு

இச்சிக்கல் தமிழுக்கு அயலானதன்று. 2021இல் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தும் நிலமற்றிருந்த முன்னோரின் நினைவிலிருந்து அறிவு ஆக்கிய பாடல். அப்பாடலைக் குறிப்பிட்ட ஓர் இசை இதழின் அட்டையில் அவர் படம் இடம்பெறாதது அதே ஆண்டில் கடும் விவாதத்தை எழுப்பியது. பாடலிலிருந்து தங்களுக்கு வருவாய் எதுவும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் பொதுவெளியில் கூறினார். உழுதவர்க்கு நிலமில்லை என்ற துயரைப் பாடிய பாட்டே, ஆக்கியவர்க்கு உரியது எது என்ற வினாவில் சிக்கியது.

முடிவுரை

தமிழ் ராப் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் பாடல்வரிகளின் பொருளையும் சொல்லாட்சியையும் சமூகக் குரலையும் நோக்குகின்றன. அவை தேவையானவை, போதுமானவை அல்ல. பிராங்க்ஸ் இசையின் வடிவம், பதிவு முறை, தீர்ப்பு, வானொலி உடைமை, விளம்பர ஒப்பந்தம் ஆகியவற்றால் படிப்படியாக மாற்றப்பட்டது. அவற்றை அறியாமல் வரிகளை மட்டும் ஆராய்பவர், ஏட்டைப் படித்து அதைப் பெயர்த்தெழுதியவர் விட்டதையும் சேர்த்ததையும் காணாதவர் ஆவார். ஓலைச்சுவடியின் கைமாற்ற வரலாற்றைத் தேடித் தொகுத்த தமிழாய்வுக்கு, ஒரு பாடலின் உரிமை கைமாறிய வரலாற்றைத் தொகுப்பதும் இயன்ற பணியே. கலைஞர்களின் நேர்காணல்களோடு அவர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தங்களின் தன்மையையும், அவர்கள் உயிரோடிருக்கும்போதே ஆவணப்படுத்துதல் வேண்டும்.